ஜி மூன்றா, ஜி பதினாலா?

“குட்டிங்க ஏன் சாகுதுங்க, மேடம்?” என்று கேட்டார் கோதண்டபாணி.

ஹெப்சிபா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேஜைமேல் கோதண்டபாணி கொண்டுவந்து வைத்த ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“எத்தனை நாள் குட்டி?”

“பிறந்து ஒரு வாரம், பத்து நாளுங்க. கழிச்சல் பிடிக்குது. தண்ணியா ஊத்துது. கண்ணு குழி விழுந்துடுது. அப்புறம் எழுந்திருக்கிறதே இல்லை.”

“பிறந்து எவ்வளவு நேரத்துல பால் குடிச்சுது?”

கோதண்டபாணி ஐஸ் பெட்டியை நேராக நகர்த்தி வைத்தார்.

பதில் தெரியாமல் இல்லை. ஒரு வாரம் கழித்துச் சாகிற குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அது பிறந்த நேரத்தைப் பற்றி ஒருவர் கேட்டால், அது சாதாரணக் கேள்வியாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

“யோசிச்சுச் சொல்றேனுங்க,” என்று கைகூப்பினார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் ஹெப்சிபா.

அதையும் கோதண்டபாணி மனதில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

*

ஹெப்சிபாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

மலைமேல், பழைய காபிக் கிடங்கு ஒன்றில், விலங்குகளுக்கு வரும் வைரஸ்களை ஆராயும் கூடம் ஒன்றை அவர் நடத்திவந்தார். வயது நாற்பதுதான். வாயைத் திறந்தால் ஒரு வரி. மேலே கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி. அதனால் அவர் பேசுவதெல்லாம் புதிர் என்று பெயராகிவிட்டது.

ஒருமுறை மாணவன் ஒருவன், “மேடம், உண்மையான முடிவு எது, பிழையான முடிவு எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்று கேட்டானாம். அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாராம். அன்றைக்கு அறைக்குள் ஒரே புழுக்கம். திறந்துவிட்டு வந்து பதில் சொல்வதற்குள் மாணவன் கண்கலங்கி வெளியே போய்விட்டான். இன்று அவனே கல்லூரியில் பாடம் நடத்துகிறான். போகிற இடமெல்லாம் அந்த ஜன்னலைப் பற்றித்தான் பேசுகிறான்.

இன்னொருத்திக்குத் துடைப்பத்தைக் கொடுத்தாராம். தரை அழுக்காக இருந்திருக்கும், வேறென்ன?

இந்தக் கதைகளெல்லாம் மலையிறங்கிச் சமவெளிக்கு வந்து, ஊர் ஊராகச் சுற்றி, கால்நடை மருத்துவர் கோதண்டபாணியின் காதிலும் விழுந்திருந்தன.

அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. வயிற்றுவலிக்கு மருந்து, காயத்துக்குத் தையல், குளம்புப் புண்ணுக்குக் கட்டு என்றே காலம் ஓடிவிட்டது. தனக்கு ஒரு குரு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு உண்டு. தன்னைவிட வயதில் சின்னவராக இருந்தாலும் பரவாயில்லை, குரு குருதான் என்று முடிவுகட்டித்தான் மலையேறினார். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

*

மலையடிவாரத்தில் ஒரு குதிரைப் பண்ணை. பந்தயக் குதிரைகளுக்குக் குட்டி எடுக்கும் இடம். குட்டிகள் செத்துக்கொண்டிருந்தது அங்கேதான்.

சாகடிப்பது ரோட்டா வைரஸ் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரியாதது அதன் வகை. குதிரைக்குட்டிகளுக்கு வருவதில் இரண்டு வகை அதிகம். ஒன்றின் பெயர் ஜி மூன்று, மற்றது ஜி பதினாலு. குட்டி படுகிற பாட்டை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வைரஸின் மேல்தோல் புரதத்துக்கான மரபணுவைப் படித்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

பண்ணையில் சினைக்குதிரைகளுக்குப் போட்ட தடுப்பூசி ஜி மூன்றுக்கு உரியது.

ஆகவே பண்ணை முதலாளி ஒரு தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வந்திருப்பது ஜி பதினாலு என்றால், ஊசி வேறு வைரஸ் வேறு, யார்மேலும் தப்பில்லை. ஜி மூன்று என்றால் ஊசி காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றவில்லை. அப்படியானால் மருந்தைக் கெட்டுப்போக விட்டது யார்?

மருந்து வைத்திருந்த குளிர்பெட்டியின் சாவி ஆறுச்சாமியிடம் இருந்தது.

ஆறுச்சாமி அந்த லாயத்தின் சைஸ், அதாவது குதிரைக்காரர். குதிரைக்குத் தீனி வைப்பது, தேய்த்துவிடுவது, ஈனும்போது கூட இருப்பது எல்லாம் அவர்தான். லாயத்துக்குப் பின்னாலேயே பண்ணை கொடுத்த வீடு. வீட்டுக்குள் கைகால் விழுந்த மனைவி. மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போனது, எவ்வளவு நேரம் போனது என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

“ஜி மூணுன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணிரு,” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“டாக்டரு, அந்தப் பதினாலாம் நம்பரு வந்துருமுங்களா?” என்று கோதண்டபாணியைப் பார்க்கும்போதெல்லாம் ஆறுச்சாமி கேட்பார்.

“என் கையில இருந்தாக் குடுத்துற மாட்டேனா, ஆறுச்சாமி?”

“கருப்பராயனுக்கு வேண்டிட்டிருக்கேனுங்க. பதினாலு வந்தா கெடா வெட்டறேன்னு.”

கருப்பராயனிடம் போய் வைரஸின் வகையை வேண்டிக்கொண்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தாலும் கோதண்டபாணி சிரிக்கவில்லை. அவருக்கு ஆறுச்சாமியைப் பிடிக்கும். ஜி பதினாலாகவே இருக்கட்டும் என்று அவரும் விரும்பினார். ஆறுச்சாமிக்காக முக்கால்பங்கு. இந்த வட்டாரத்தில் அதைக் கண்டுபிடித்தவர் என்ற பேருக்காகக் கால்பங்கு.

*

கோதண்டபாணி பண்ணைக்கு வருவதற்கு முன்பும் கழிச்சல் இருந்தது. சில குட்டிகள் படுத்தன. ஒன்று செத்தது. மற்றவை சில நாள் துவண்டு கிடந்து எழுந்து துள்ளின. அந்த ஒன்று செத்ததற்குத்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்த பிறகு படுத்தவை எழுந்திருக்கவில்லை.

“வைரஸு மாறிடுச்சு,” என்றார் கோதண்டபாணி.

அவர் வேலையில் சுத்தமான மனிதர். சாணத்தில் வைரஸைத் தேடினால் மட்டும் போதாது, தடுப்பூசியின் பலன் தாயிடமிருந்து குட்டிக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குக் குட்டி பால் குடிக்கும் முன் ஒரு ரத்தம், குடித்த பின் ஒரு ரத்தம், தாயின் ரத்தம் ஒன்று என்று மூன்றும் வேண்டும். பெரிய ஆராய்ச்சிகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று படித்திருந்தார்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தார். குட்டி விழுந்ததும் அதன் வாயில் கூடை கட்டிவிட வேண்டும். ஏர்மாட்டுக்குக் கட்டுவார்களே, அதுபோலச் சின்னதாக, மெத்தென்ற துணியில் அவரே தைத்துக் கொடுத்தார். ஆறுச்சாமி போன் செய்ய வேண்டும். கோதண்டபாணி வந்து முதல் ரத்தம் எடுத்த பிறகு கூடையைக் கழற்றிக் குட்டியைத் தாயிடம் விட வேண்டும்.

குதிரைகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் ஈனும். டவுனிலிருந்து பண்ணைக்கு நல்ல தூரம். கோதண்டபாணி காலையில் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, ஐஸ் பெட்டியை நிரப்பிக்கொண்டு வந்துசேர வெயில் ஏறிவிடும். முதல் நாளுக்குள் சீம்பால் குடித்தால் போதும் என்று கல்லூரியில் படித்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. முதல் நாளுக்குள் அவர் எப்படியும் வந்துவிடுவார்.

ஒரே ஒருமுறை ஆறுச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. அப்போதுதான் பிறந்த ஒரு செம்பழுப்புக் குட்டி, கால் நடுங்க எழுந்து நின்று, கூடை கட்டிய வாயால் தாயின் மடியை முட்டிக்கொண்டே இருந்தது. தாய் திரும்பித் திரும்பி ஆறுச்சாமியைப் பார்த்தது. அவர் கூடையை அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் கோதண்டபாணி வந்து திட்டினார். அவர் அதிகம் திட்டுகிறவர் இல்லை. அதனால் ஆறுச்சாமிக்கு அது ரொம்பவே உறைத்தது.

“சாம்பிளே கெட்டுப்போச்சு, ஆறுச்சாமி! உங்களைக் காப்பாத்தத்தானே நான் இவ்வளவும் பண்றேன்? நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி?”

“தப்புதானுங்க. இனிமேப் பண்ண மாட்டேனுங்க.”

“இனி நான் வர்ற வரைக்கும் கூடையைத் தொடவே கூடாது. யார் சொன்னாலும்.”

“சத்தியமாத் தொட மாட்டேனுங்க, டாக்டரு.”

*

இரண்டாம் முறை மலையேறியபோது கோதண்டபாணி பதிலோடு போனார்.

“மேடம், நீங்க கேட்டதை யோசிச்சேனுங்க.”

“எதை?”

“பால் எப்போ குடிச்சுதுன்னு கேட்டீங்களே.”

“ஆமா. எப்போ குடிச்சுது?”

“ஒவ்வொரு உயிரும் தனக்கு வேண்டியதைத் தன் நேரத்துல குடிச்சுக்குதுங்க.”

ஹெப்சிபா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தார். பண்ணைக்காரர்களுக்கு வேண்டியவராக இருக்கும், எதையும் சொல்லக் கூடாது என்று கட்டளையாக இருக்கும். இப்படிப்பட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

“சார், ஒண்ணு செய்ங்க,” என்றார். “ஒரு குட்டி பிறக்கிறதை, பக்கத்துலயே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து முழுசாப் பாருங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க.”

கோதண்டபாணிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பஸ்ஸில் மலையிறங்கும்போது வளைவுக்கு வளைவு அதையே நினைத்துக்கொண்டு வந்தார். பிறக்கிறதை. ஆரம்பத்திலிருந்து. முழுசாக. கடைசி வளைவில் அவருக்கு வெளிச்சம் வந்தது. இதுவரை அவர் வைரஸின் ஒரே ஒரு மரபணுவைத்தான் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ரோட்டா வைரஸுக்கு மொத்தம் பதினொரு துண்டு. அத்தனையையும் படித்தால்தான் அது எங்கே பிறந்தது, எதிலிருந்து எது வந்தது என்று தெரியும். குரு அதைத்தான் சொல்லியிருக்கிறார்!

எல்லாத் துண்டுகளையும் படிக்கச் சொல்லிக் கூடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். கூடவே தாய், குட்டி ரத்தங்களையும் அனுப்பினார். லாயத்துக்குப் போய் உட்காரவில்லை.

அந்த வாரம் இன்னொரு குட்டி படுத்தது. கறுப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளை. கோதண்டபாணி ஊசிக்கு நரம்பு தேடினார், உடம்பில் தண்ணீரே இல்லாமல் நரம்பு ஒட்டிப்போயிருந்தது. கழுத்தில் ஒருவழியாகப் பிடித்து சலைன் ஏற்றினார். ஏற்றியது பின்வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறுச்சாமி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார்.

சாயங்காலம் அது போய்விட்டது. தாய் விடிய விடியக் கனைத்தது. பக்கத்து லாயத்துக் குதிரைகளும் தீனி எடுக்கவில்லை.

கோதண்டபாணி லாயத்துக்கு வெளியே போய் உட்கார்ந்து அழுதார். அது பொய் அழுகை இல்லை. அவர் நல்ல மனிதர், அதுதான் எனக்கு வருத்தம்.

*

முடிவு வரும் நாள் சனிக்கிழமை என்று கூடத்திலிருந்து சொன்னார்கள்.

கிளம்பும் முன் பண்ணைக்குப் போனார். ஈனாமல் மிச்சமிருந்தது செல்லி என்ற பெரிய குதிரை ஒன்றுதான். பந்தயத்தில் ஓடிய காலத்தில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். லாயத்தில் எல்லோருக்கும் செல்லிதான். அதன் காம்பு நுனியில் மெழுகுபோலக் கட்டியிருந்தது. இன்றோ நாளையோ ஈன்றுவிடும் என்பதற்கு அடையாளம் அது.

“நான் மலைக்குப் போயிட்டு நாளைக்கு வந்துடறேன். முன்னாடியே ஈன்றிருச்சுன்னா...”

“தெரியுமுங்க, டாக்டரு. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. நல்ல நம்பராக் கொண்டாங்க.”

மலைமேல் ஹெப்சிபா அன்று இல்லை, ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பொழுதுசாயும் வரை கோதண்டபாணி அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி பஸ் போய்விட்டது. போனில் சிக்னல் வருகிற ஊர் இல்லை அது. ஆசிரமத்தில் தங்குவதுபோல மாணவர் விடுதியில் தங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஹெப்சிபாவே முடிவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“ஜி மூணு,” என்றார்.

கோதண்டபாணி தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“எல்லாமேங்களா?”

“எல்லாமே. பதினொரு துண்டும் பார்த்தாச்சு. எந்த மாற்றமும் இல்லை. உங்க தடுப்பூசிக்குள்ள இருக்கிற அதே வகை. பழைய ஆசாமிதான்.”

“இன்னொரு தடவை பார்க்க முடியாதுங்களா?”

“பார்த்தா அது வேறயாயிடுமா?”

கோதண்டபாணி தலையைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், கீழ ஒரு மனுஷன் இருக்காருங்க. ஆறுச்சாமின்னு. மருந்தை அவருதான் கெடுத்துட்டாருன்னு வெளிய தள்ளப் போறாங்க. பொண்டாட்டி படுத்த படுக்கை. எங்க போவாருங்க?”

ஹெப்சிபாவின் முகம் மாறியது. இவர் மறைக்கிறவர் இல்லையோ என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

“மருந்து கெடலை,” என்றார்.

“என்னங்க?”

“தாய்க்குதிரைங்க ரத்தத்தைப் பார்த்தேன். எதிர்ப்புப் பொருள் ஏராளமா இருக்கு. ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு. அந்த மனுஷர்மேல ஒரு தப்பும் இல்லை.”

கோதண்டபாணி எழுந்தே விட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“குட்டிங்க ரத்தத்தையும் பார்த்தேன்,” என்றார் ஹெப்சிபா. “பால் குடிச்சதுக்கு அப்புறம் எடுத்ததுலயும் ஒண்ணுமே இல்லை. தாய்கிட்ட இருக்கு. குட்டிக்கு வரலை. நடுவுல என்ன ஆச்சு?”

கோதண்டபாணி மெல்ல உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். கண்ணை மூடினார்.

மேஜைமேல் படீரென்று ஒரு சத்தம். ஹெப்சிபா கையால் அடித்திருந்தார்.

“கண்ணைத் திறங்க சார்! நான் புதிர் போடலை. கேள்வி கேட்கிறேன். உங்க பண்ணையில நடுவுல என்ன நடக்குது?”

கோதண்டபாணி கண்ணைத் திறந்தார்.

“கழிச்சல் வந்த குட்டிங்க எல்லாமே செத்துதா?”

“நான் வந்ததுக்கு அப்புறம் எல்லாம்தானுங்க.”

“ஒண்ணுகூடப் பிழைக்கலை?”

“ஒரு செம்பழுப்புக் குட்டி பிழைச்சுதுங்க. லேசாக் கழிஞ்சு நின்னுடுச்சு. அதை நான் கணக்குல சேர்க்கலை.”

“ஏன்?”

“அதோட சாம்பிள் கெட்டுப்போச்சுங்க.”

“எப்படிக் கெட்டுது?”

“நான் போறதுக்கு முன்னாடியே அது பால் கு...”

அவர் அந்த வார்த்தையை முடிக்கவில்லை.

ஹெப்சிபா நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார். தன் வழக்கத்துக்கு மாறாக, நீளமாகவே பேசினார். குரல் தணிந்திருந்தது.

“பிறந்த உடனே குட்டியோட குடல் நல்லாத் திறந்திருக்கும் சார். சீம்பால்ல இருக்கிற எதிர்ப்புப் பொருள் அப்படியே ரத்தத்துக்குப் போகும். ஆனா அந்தக் கதவு ஒருநாள் முழுக்கத் திறந்திருந்துட்டு டக்குனு மூடறது இல்லை. பிறந்த நிமிஷத்திலிருந்து சாத்திக்கிட்டே வரும். நீங்க காலையில கிளம்பி வந்து சேர்றதுக்குள்ள அநேகமாச் சாத்தியிருக்கும். எவ்வளவு நேரம் கட்டி வெச்சீங்க?”

“நான் வர்ற வரைக்குமுங்க,” என்றார் கோதண்டபாணி.

“நான் அன்னைக்கே விடாமக் கேட்டிருக்கணும்,” என்றார் ஹெப்சிபா.

“நீங்க கேட்டீங்க, மேடம்.”

சட்டென்று அவருக்குச் செல்லியின் ஞாபகம் வந்தது. மெழுகு கட்டிய காம்பு கண்முன் நின்றது.

கூடத்துத் தொலைபேசியை எடுத்து ஆறுச்சாமிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஈனுகிற லாயத்துக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது என்பது பண்ணைச் சட்டம், பெட்டைக்குதிரை மிரளும் என்று. போன் வீட்டுக்குள் கிடக்கும். மனைவியால் எழுந்து எடுக்க முடியாது. பண்ணை அலுவலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பூட்டு.

விடைபெறக்கூட இல்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

*

பாதி மலை இறங்கியதும் சிக்னல் வந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது.

எல்லாம் ஆறுச்சாமி அடித்த அழைப்புகள். எல்லாம் நேற்று சாயங்காலம்.

கோதண்டபாணி திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பக்கத்து சீட்டுக்காரர், “வீட்டுல யாருக்காச்சும் முடியலைங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார்.

ஒரு வளைவில் எதிரே லாரி நின்று பஸ் வெகுநேரம் நகரவில்லை. செத்த குட்டிகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அவர் தன் கையால் தைத்த கூடையைப் பார்த்தார். எத்தனை கவனமாகத் தைத்திருந்தார், தோல் உராயக் கூடாது என்று உள்பக்கம் வேறு துணி வைத்து.

ஒன்று மட்டும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஆறுச்சாமி இளகிய மனசுக்காரர். ஒருமுறை அவிழ்த்துவிட்டவர். செல்லியின் குட்டி முட்டிக்கொண்டு நின்றால் அவருக்கு எப்படிப் பொறுக்கும்? அவிழ்த்துவிட்டிருப்பார். தனக்குப் பயந்து சொல்லாமல்கூட இருப்பார். அவிழ்த்துவிட்டிருக்கட்டும் சாமி, என்று கோதண்டபாணி வேண்டினார். கருப்பராயா, அந்த மனுஷன் என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கட்டும்.

அடிவாரத்தில் ஆட்டோ பிடித்தார்.

பண்ணைக்குள் நுழையும்போது உச்சிவெயில். லாயத்து வாசலில் ஆறுச்சாமி நின்றிருந்தார். இரவு முழுக்கத் தூங்காத கண்கள். ஆனாலும் முகம் மலர்ந்து, ஓட்டமும் நடையுமாக எதிரே வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“வந்துட்டீங்களா, டாக்டரு! நேத்து பொழுதோடயே செல்லி ஈன்றிருச்சுங்க. ஆம்பளக் குட்டி. எத்தன தடவ போன் அடிச்சேன், கெடைக்கவே இல்லீங்க.”

“ஆறுச்சாமி...” கோதண்டபாணிக்கு மூச்சு வாங்கியது. “குட்டி...”

“நீங்க பயந்துக்காதீங்க. ராத்திரி பூரா நான் கண்ணு மூடலீங்க, பக்கத்துலயே உக்காந்துட்டேன். பாவம், முட்டி முட்டிப் பாத்துச்சு, கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு. காலைல இருந்து படுத்துட்டுதானுங்க கெடக்குது. செல்லிக்கு மடி கட்டிட்டு வலி தாங்கலீங்க, அதனால கறந்து மண்ணுல ஊத்திட்டேன். போன தடவ பண்ணுன தப்ப இந்தத் தடவ பண்ணலீங்க, டாக்டரு. நீங்க சொன்னீங்களே, என்னையக் காப்பாத்தத்தான்னு, அதே நெனப்புலயே இருந்தேன்.”

அவர் கோதண்டபாணியின் கையிலிருந்த ஐஸ் பெட்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

“ஒரு சொட்டுக்கூட உள்ள போக உடலீங்க. இந்தத் தடவ உங்க சாம்பிளு சுத்தமா இருக்குமுங்க.”